தெரியாது என்பது போதுமா?

2016ஆம் ஆண்டு யூலை மாதம், அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் உள்ள யூத இனப்படுகொலை நினைவு அரும்பொருளகத்தார் ஒரு வேண்டுகோள் விடுக்க நேர்ந்தது. நாசிகளின் கொடுமைக்குப் பலியானோரை நினைந்து மக்கள் மௌனமாக நடந்து செல்லும் அம்மண்டபங்களில், கைத்தொலைபேசியை நீட்டிப் பிடித்தபடி சிலர் கற்பனைப் பிராணிகளைத் தேடித் திரிந்தனர். ‘போக்கிமொன் கோ’ என்னும் விளையாட்டு அம்மாதந்தான் வெளிவந்திருந்தது. தங்கள் இடத்தை அதிலிருந்து நீக்கிவிடும்படி அரும்பொருளகத்தார் கேட்டனர். போலந்தில், ஏறத்தாழ 11 இலட்சம் பேர் கொல்லப்பட்ட அவுஷ்விற்ஸ் முகாமின் நினைவகமும் அவ்வாறே கேட்டது. யப்பானில் ஹிரோஷிமா மாநகர நிர்வாகம், ஓகஸ்ட் 6ஆந் திகதி நினைவு நாளுக்கு முன்னர் அமைதிப் பூங்காவிலிருந்து விளையாட்டை அகற்றும்படி வேண்டி, அகற்றுவித்தது.

இதை வாசித்ததும் இளைஞரைக் கடிந்துகொள்வது எளிது. “இந்தக் காலத்துப் பிள்ளைகள்” என்று தொடங்கி ஒரு பிரசங்கமே செய்துவிடலாம். ஆனால் அவர்களை அங்கே வரவழைத்தவர் யார் என்று நாம் முதலிற் கேட்கவேண்டும்.

விளையாட்டு இயங்கும் விதம் இதுதான். கைத்தொலைபேசி, தான் இருக்கும் இடத்தைச் செய்மதிகளின் துணையால் அறிந்துகொள்கிறது. அதன் கமரா காட்டும் தெருவின்மேலோ புற்றரையின்மேலோ ஒரு கற்பனை உருவம் நிற்பதுபோலத் திரையிலே தோன்றும். இக்கலைக்கு ‘மிகை மெய்மை’ என்று தமிழிற் பெயர் வழங்குகிறது. விளையாடுபவர் குறிக்கப்பட்ட நிலையங்களுக்கு நடந்து சென்றால்தான் வேண்டிய பொருட்கள் கிடைக்கும். அந்நிலையங்களை அமைத்தது நயன்ரிக் என்ற கலிபோர்ணியக் கொம்பனி. கொம்பனியார் ஒவ்வோர் இடத்துக்கும் சென்று பார்த்துத் தெரிவு செய்தார்கள் என்று எண்ணிவிடக் கூடாது. அவர்கள் முன்னர் நடத்திய ‘இன்கிரஸ்’ என்ற விளையாட்டில், அதை ஆடியவர்கள் தங்கள் ஊரிலுள்ள சிலைகள், ஆலயங்கள், நினைவுக் கற்கள் முதலியவற்றைப் படம்பிடித்து அனுப்பியிருந்தனர். பெரும்பாலும் அந்தப் பட்டியலே இதற்கும் அடித்தளமாயிற்று. பட்டியலுக்குப் பூங்காச் சிலையும் ஒன்றுதான், புதைகுழியின் நினைவுக் கல்லும் ஒன்றுதான். மசாசுசெற்ஸ் மாநிலத்தில் பழைய ஆலயக் கட்டடமொன்றை வீடாக்கிக் குடியிருந்த ஒருவர், தம் வாசலில் அந்நியர் கூடி நிற்பதைக் கண்டு திகைத்தார். பட்டியலில் அது இன்னும் ஆலயமாகவே இருந்தது!

ஆகவே, அவுஷ்விற்ஸை விளையாட்டுக் களமாக்கவேண்டும் என்று எவரும் எண்ணித் தீர்மானிக்கவில்லை. தீய எண்ணம் அங்கே இல்லை. அப்படியானால் குற்றமும் இல்லையா?

ஒரு செயலை மதிப்பிடும்போது, செய்வது என்ன, எதற்காகச் செய்கிறோம் என்பவற்றோடு சூழ்நிலைகளையும் பார்க்கவேண்டும் என்பது புனித தோமஸ் அக்குவைனாஸ் காட்டிய வழி. அச்சூழ்நிலைகளுள் இடமும் ஒன்று. களவு எங்கும் களவுதான். புனித தலத்திலே களவெடுத்தாலோ அது தேவதுரோகமும் ஆகிறது. பந்தடிப்பது நல்ல காரியமே. அதைச் செத்த வீட்டு முற்றத்தில் செய்தால் யார் பொறுப்பார்? இடத்தின் தன்மையைக் கணக்கில் எடாத பட்டியல் ஒன்றை ஆக்கி, அதன்படி மக்களை நடத்திச் செல்பவர், இச்சூழ்நிலையைத் தம் கண்ணுக்கு மறைத்தே வேலையைத் தொடங்குகிறார்.

“எங்களுக்குத் தெரியாது” என்று அவர் சொல்லலாம். அறியாமை மன்னிப்பாகும் இடமும் உண்டு. எவ்வளவு முயன்றாலும் அறிந்திருக்க முடியாதவனைக் குற்றவாளி என்று எவரும் சொல்லார். ஆனால் முயன்றால் நீங்கக்கூடிய அறியாமை என்று வேறொன்று இருக்கிறது. இங்கே இருந்தது எது? 2015ஆம் ஆண்டிலேயே, டக்காவ், சக்சன்ஹவுசன் முதலிய வதைமுகாம் நினைவிடங்கள் ‘இன்கிரஸ்’ விளையாட்டில் இடம்பெற்றிருப்பதை ஜேர்மன் பத்திரிகை ஒன்று வெளிப்படுத்தியது. கொம்பனியின் தலைவர் ஜோன் ஹாங்கி மன்னிப்புக் கேட்டார்; அவற்றை நீக்குவதாகவும் சொன்னார். அதற்கு அடுத்த ஆண்டே, அதே பட்டியலின் வழியாக, அவுஷ்விற்ஸ்! இதை அறியாமை என்று சொல்ல என் மனச்சாட்சி இடந்தரவில்லை. அக்கறையின்மை என்பதே தகும்.

மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். அறைக்குள் முடங்கிக் கிடந்த பலர் இவ்விளையாட்டால் வெளியே வந்து நடந்தார்கள். முன்பின் அறியாதவரோடு பேசினார்கள். இங்கிலாந்துத் திருச்சபை, தங்கள் ஆலய வாசலுக்கு வரும் விளையாட்டுக்காரரை வரவேற்கும்படி பங்குகளுக்கு ஆலோசனை கூறியது. நல்ல மனது! ரஷ்யாவில் நடந்ததோ வேறு. யெக்கத்தரின்பேர்க் நகரத்து ஆலயமொன்றினுள் விளையாடி, ஏளனப் பேச்சோடு அதைப் படமாக்கி வெளியிட்ட ஓர் இளைஞருக்கு 2017 மே மாதம் மூன்றரை ஆண்டு ஒத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை விதித்தார்கள். அவர் செய்தது மரியாதைக் குறைவுதான். தண்டனையோ அளவு மீறியது. ஆலயத்தை விளையாட்டு வரைபடத்தில் ஏற்றியவர்கள் பற்றி அவ்வழக்கில் எவருக்கும் கவலை இருந்ததாகத் தெரியவில்லை.

“கேட்டால் நீக்கிவிடுவோம்” என்பது இத்தகைய அமைப்புகளை ஆக்குவோர் வழக்கமாகச் சொல்லும் பதில். அமெரிக்க வீட்டுக்காரர் சிலர் தொடுத்த வழக்கு 2019இல் இணக்கத்துக்கு வந்தபோதும், வீட்டிலிருந்து 40 மீற்றருக்குள் உள்ள நிலையத்தை வீட்டுக்காரர் கேட்டால் நீக்குவதென்றே முடிவாயிற்று. பெரிய அரும்பொருளகம் கேட்கும், மாநகரம் கேட்கும், வழக்குப் பேசச் சட்டத்தரணி வைத்திருப்பவர் கேட்பார். தாயைப் புதைத்த இடத்துக்குப் பூக்கொண்டு போகும் கிழவி யாரிடம் கேட்பாள்? அப்படி ஒரு விளையாட்டு இருப்பதே அவளுக்குத் தெரியாதே. துயரப்படுபவர் தலையில் முறைப்பாட்டுச் சுமையையும் ஏற்றிவிட்டு, ஆக்கியவர் கைகழுவிக்கொள்கிறார்.

நம் குடும்பங்களிலிருந்தும் கணினித்துறைக்குச் செல்லும் பிள்ளைகள் பலர். நாளை இப்படியொரு பட்டியல் அவர்கள் மேசைக்கும் வரலாம். ‘இலட்சக்கணக்கான இடங்கள், ஒவ்வொருவரிடமும் எப்படி முன்கூட்டிக் கேட்பது? நடக்கிற காரியமா?’ என்று மேலதிகாரி அவர்களிடம் சொல்லக்கூடும். ஏழைக் கொம்பனியின் பேச்சன்று இது. 2025இல் அதன் விளையாட்டுப் பிரிவு மட்டும் 350 கோடி அமெரிக்க டொலருக்கு விலைப்பட்டது. அதுவும் கிடக்கட்டும். 2016இல் யப்பானில் இவ்விளையாட்டு வந்தபோது, ஏறத்தாழ 2,900 மக்டொனால்ட்ஸ் உணவகங்கள் அதில் நிலையங்களாயின. அவை தவறிப் பட்டியலில் ஏறியவையல்ல. முன்னரே பேசி, உடன்படிக்கை செய்து சேர்த்தவை. விளம்பரம் தரும் கடைக்காரர், வாசலுக்கு வரும் ஆளொன்றுக்கு இவ்வளவு என்று கொம்பனிக்குப் பணம் கட்டும் ஏற்பாடு அது. கடைக்காரரிடம் முன்கூட்டியே கேட்க அவர்களுக்கு வழி இருந்தது, நேரமும் இருந்தது.