பரணில் இடமில்லை

‘அன்பளிப்பைத் தவிர்க்கவும்’ என்று பத்திரிகையின் அடியில் அச்சடித்திருந்தாலும், கவர் இல்லாமல் மண்டபத்துக்குள் நுழைய நம்மில் பலருக்குத் துணிச்சல் வராது. வேண்டாம் என்றால் வேண்டும் என்று பொருள்கொண்டே பழகிவிட்டோம். அதனால்தான் நிஜமாகவே வேண்டாம் என்கிற ஒருவர் எதிரே வந்தால் திணறிப்போகிறோம். அதுவும் தீபாவளிக்கு முந்தின நாள், கையில் பஸ் டிக்கெட்டோடு கடைத்தெருவில் நிற்கும்போது.

எனக்கு அப்படி இரண்டு பேர் இருக்கிறார்கள். பெரியப்பா பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பெரியம்மா வீட்டைப் பார்த்துக்கொண்டவர், இன்னமும் பார்த்துக்கொள்கிறவர். “எதையும் தூக்கிக்கிட்டு வராதடா, வைக்க எடமில்ல” என்று பெரியம்மா போனில் சொன்னால் அதில் பாசாங்கு ஒரு துளியும் கிடையாது. வேண்டாம் என்றுவிட்டு ஓரக்கண்ணால் பையைப் பார்க்கிற உறவினர்களும் எனக்கு உண்டு. அவர்களைச் சமாளிப்பது சுலபம்.

அந்த வீட்டுப் பரணைப் பார்த்தவர்களுக்குப் பெரியம்மா சொல்வது புரியும். ஒரு காலத்தில் கல்யாணம், காதுகுத்து, கிரகப்பிரவேசம் எதற்கும் எவர்சில்வர்தான். பாத்திரக்கடையில் கையோடு பெயரும் வெட்டித் தருவார்கள். சின்னச் சின்னப் புள்ளிகளாக, இன்னார் அன்பளிப்பு என்று ஊர், தேதியோடு. பெயர் வெட்டிய பாத்திரத்தை இன்னொரு விசேஷத்துக்குத் தள்ளிவிட முடியாது என்பது கொடுத்தவர்களுக்குத் தெரியும். பெரியம்மா வீட்டுத் தூக்குவாளிகளையும் சம்படங்களையும் திருப்பிப் பார்த்தால் பாதிப் பெயர்கள் இன்று உயிரோடு இல்லாதவர்களுடையவை. “இது உங்க சின்னத் தாத்தா வச்சுக் குடுத்தது” என்பார். அதை எப்படிப் பழைய இரும்புக்காரனிடம் போடுவது? பண்டிகைக்குப் பண்டிகை துடைத்துக் கவிழ்க்க வேண்டும், நசுங்காமல், தொலையாமல், யார் கொடுத்தது என்பது மறக்காமல் காக்க வேண்டும். முழங்கால் மடக்க முடியாத வயதில் ஒருவருக்கு நாம் இன்னொரு கேஸ்ரோல் வாங்கிக் கொடுப்பது பரிசா, இன்னொரு வேலையா?

முல்லைக்குத் தேர் கொடுத்த பாரியைக் கொண்டாடுகிறோம். தேரை வைத்துக்கொள்ள வசதிப்படுமா என்று முல்லையை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

1993இல் ஜோயல் வால்ட்ஃபோகல் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர், கிறிஸ்துமஸ் பரிசுகளைப் பற்றி யேல் பல்கலைக்கழக மாணவர்களிடம் விசாரித்துக் கணக்குப் போட்டார். வாங்கியவர் கொடுத்த விலையில் பத்தில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குவரை வீணாகிறதாம். பெறுகிறவர் அதை அவ்வளவுக்கு மதிப்பதில்லை. அப்படியானால் பணமாகக் கொடுத்துவிடலாமே என்று தோன்றும். கொடுத்துப் பார்த்தால் தெரியும். பெரியம்மாவின் கையில் வைக்கிற நோட்டு, நாம் கிளம்பும்போது செருப்பு மாட்டுகிற நேரத்தில் பிள்ளையின் சட்டைப்பைக்குள் வந்துவிடும், கூட ஒரு நூறு சேர்ந்து. புதுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்து மொய் விருந்துகளில் பணம் நோட்டில் ஏறும், முறை வரும்போது கூடுதலாகத் திரும்ப வேண்டும். பணமும் சும்மா வந்து உட்கார்ந்துகொள்வதில்லை.

பெரியவர்களைப் பார்க்க வெறுங்கையோடு போகாதே என்று நமக்குச் சொல்லி வளர்த்தவர்கள், எதை எடுத்துப் போகச் சொன்னார்கள் என்று யோசித்தால் விடை பாதி கிடைத்துவிடுகிறது. பூ, பழம், வெற்றிலை, பாக்கு. எல்லாமே இரண்டு மூன்று நாளில் தீர்ந்துபோகிற சாமான். யாரும் அதைப் பரணில் ஏற்ற வேண்டியதில்லை. அந்த இடத்தைப் பிறகு ஸ்வீட் பாக்ஸ் பிடித்துக்கொண்டது. நாட்டில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய் என்று 2023இல் வெளிவந்த ஐசிஎம்ஆர் ஆய்வு சொல்கிறது. மூத்தவர்கள் இருக்கும் வீட்டில் ஒரு கிலோ மைசூர்பாகு என்ன ஆகும்? வேலைக்கு வருகிற அம்மாவுக்குப் போகும், இல்லையென்றால் எறும்புக்கு.

என் வரையில் கடைசி நேரத்துக்குக் காப்பித்தூளை விடச் சிறந்தது எதுவும் இல்லை. பாக்கெட் தூள் இல்லை, கண்முன்னே அரைத்துத் தருகிற கடையில் கால் கிலோ. பீபரியும் பிளான்டேஷனும் சரிபாதி, சிக்கரி நூற்றுக்கு இருபது. அரைத்த சூடு அடங்காத பொட்டலம் பஸ்ஸில் பக்கத்து சீட்காரரையும் விழிக்க வைத்துவிடும். மறுநாள் காலை எண்ணெய்க் குளியல் முடிந்ததும் ஃபில்டரில் இறங்கும் முதல் டிகாஷன் அதுதான். இரண்டு வாரத்தில் தீர்ந்துவிடும். பொட்டலத்தைத் தூக்கிப் போட யாருக்கும் மனசு உறுத்தாது.

ஆனால் தூளும் பழமும் மரியாதைக்குத்தான். அந்த வீட்டில் உண்மையில் குறைவது கையும் காலும். ரயில்வே பென்ஷன்காரர்கள் ஒவ்வொரு நவம்பரிலும் உயிர்வாழ் சான்று கொடுக்க வேண்டும். 80 வயதானவர்கள் அக்டோபரிலேயே கொடுக்கலாம். கொடுக்காவிட்டால் பென்ஷன் நின்றுபோகும். முன்பு பேங்கில் வரிசை. பிறகு ரேகை பதியும் மெஷின். விரல் ரேகை தேய்ந்துபோனவர்களை அது படுத்திய பாட்டைச் சொல்லி மாளாது. ஒரு ஆயுள் முழுக்கக் கையால் உழைத்தவருக்கு ரேகை எங்கே இருக்கும்? 2021இலிருந்து முகத்தைக் காட்டியே முடிக்கலாம் என்று ஆகிவிட்டது. ஜீவன் பிரமாண் செயலியைப் போனில் இறக்கி, பென்ஷன் ஆணை எண், வங்கிக் கணக்கு விவரங்களைப் போட்டு, வெளிச்சம் விழும் ஜன்னல் பக்கம் பெரியப்பாவை உட்கார வைத்தேன். “கண்ணைச் சிமிட்டுங்க.” அவர் இரண்டு கண்ணையும் இறுக்கி மூடிக்கொண்டார். “மூடச் சொல்லல பெரியப்பா, சிமிட்டச் சொன்னேன்.” பெரியம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, “அம்பது வருசமா என்னைப் பார்த்துச் சிமிட்டாதவரு, போனைப் பார்த்தா சிமிட்டப் போறாரு” என்றார். அந்தச் சிரிப்பில் பெரியப்பா தானாகச் சிமிட்டிவிட, சான்று பதிவானது. செலவு பத்துப் பைசா இல்லை. அந்த வருஷம் முழுக்க வருகிறவர்களிடமெல்லாம் பெரியப்பா அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

அவர்கள் பெயரில் எங்காவது நன்கொடை கொடுக்கலாமே என்பார்கள். கோயில் அன்னதானத்துக்கு அவர்களே விரும்பிக் கொடுப்பார்கள் என்றால் சரி. பிறந்தநாள் என்று ஆதரவற்றோர் இல்லத்துப் பிள்ளைகளைத் தட்டின் முன் வரிசையாக உட்கார வைத்து, கைகூப்பச் சொல்லிப் போட்டோ எடுத்து அனுப்புகிறார்களே, அதில் எனக்குச் சம்மதமில்லை. யாருடைய பசியும் என் பெரியம்மாவுக்கு வாழ்த்து அட்டை ஆக வேண்டாம்.

இதையெல்லாம் விட முக்கியமாக எனக்குப் படுவது வேறு. அந்தத் தலைமுறை கொடுத்தே பழகியது. சீர் செய்தது, பிரசவம் பார்த்தது, ஊருக்குப் போகிறவர் கையில் கட்டுச்சோறு திணித்தது. இப்போது மாத்திரை, ஊன்றுகோல், சால்வை என்று எல்லாவற்றையும் வாங்கிக்கொள்ளும் இடத்தில் அவர்களை உட்கார வைத்துவிட்டோம். அவர்கள் எதையாவது நீட்டினால் நாம் என்ன சொல்கிறோம்? “வேணாம் பெரியம்மா, ஃபிளாட்ல வைக்க எடமில்ல.” அவர் நமக்குச் சொன்ன அதே வார்த்தை. நாம் கொண்டுபோவதை அவர்கள் மறுத்தால் அடம் என்கிறோம், அவர்கள் தருவதை நாம் மறுத்தால் அது நடைமுறை அறிவு!

ஆகவே இப்போதெல்லாம் கேட்டு வாங்க ஆரம்பித்திருக்கிறேன். வாளியோ சம்படமோ, எது யாருக்குப் போக வேண்டும் என்று பெரியம்மாவுக்குத் திட்டமான எண்ணம் உண்டு. அதைக் கேட்பாரில்லை என்பதுதான் அவர் குறை. போன தடவை காலிப் பையோடு போய், நார்த்தங்காய் ஊறுகாய் எப்படிப் போடுவது என்று கேட்டேன். சுருள் சுருளாக நறுக்கி உப்பை அடைக்கும் விதத்தைச் செய்துகாட்டி, நான் நறுக்கியதைப் பார்த்து முகம் சுளித்து, கடைசியில் அவர் போட்ட ஊறுகாயையே ஜாடியோடு கொடுத்தார். கூடவே பித்தளை உருளி ஒன்று. பாத்திரக்கடையில் எடைக்குப் போட மனசில்லாமல் வைத்திருந்தது. “நீ பாயசம் வைப்பேன்னா எடுத்துட்டுப் போ, பூ மிதக்க விட்டு ஹால்ல வைக்கறதா இருந்தா இங்கயே இருக்கட்டும்” என்றார். வைப்பேன் என்று வாக்குக் கொடுத்துத் தூக்கிக்கொண்டு வந்தேன். கண்டக்டர் அதற்கு லக்கேஜ் போட்டார். வீட்டில் அது கியாஸ் அடுப்பின் இரண்டு பர்னரையும் அடைத்துக்கொள்கிறது. பாயசம் வைக்கிற அன்று குழம்பு கிடையாது.