மன்றத்திற்குப் பூட்டா?

மானகிரி வட்டாரத்து முதியோர் அறிவர்: கொழும்பிலும் இரங்கூனிலும் முதலாளியின் பெயரால் கடை நடத்திய மேலாள், ஐந்தொகை எழுதி ஊருக்கு அனுப்பியாக வேண்டும். "கணக்குக் கேட்காதீர், கடையைப் பூட்டிவிட்டேன், மூன்று வாரம் கழித்து வாரும்" என்று மறுமொழி எழுதும் மேலாளுக்கு என்ன பெயர் சூட்டியிருப்பர்? நாம் சொல்ல வேண்டியதில்லை.

அதே கொழும்பில், 2018 அக்டோபர் 26 அன்று, சனாதிபதி மைத்திரிபால சிறிசேன, பிரதமர் ரணில் விக்கிரமசிங்கவை நீக்கினார்; மகிந்த ராஜபக்சவை அமர்த்தினார். 225 பேர் கொண்ட அவை. 113 பேர் புதியவர் பக்கம் இருந்திருந்தால் மறுநாளே கூட்டிக் காட்டியிருக்கலாமே! மறுநாள் நடந்ததோ, நவம்பர் 16 வரை அவைக்குப் பூட்டு. எண்ணிக்கை சேரவில்லை, எனவே நவம்பர் 9 அன்று அவையையே கலைத்தார். உச்ச நீதிமன்றம் தடுத்தது. 14 அன்று கூடிய அவை ராஜபக்சவிடம் நம்பிக்கை இல்லையென்றது. 16 அன்று அங்கே மிளகாய்த்தூள் பறந்தது! டிசம்பர் 13-இல் ஏழு நீதிபதிகளும் ஒருமனதாகக் கலைப்புச் செல்லாது என்றனர். வழக்குத் தொடுத்தோருள் தமிழர் தலைவர் இரா. சம்பந்தனும் ஒருவர். ரணில் தமிழருக்கு வாரி வழங்கிய வள்ளல் அல்லர். ஆயினும் வழக்கு ரணிலுக்காக அன்று, அவைக்காக என்றே நாம் கொள்கிறோம்.

"ஒத்திவைக்கும் அதிகாரம் சட்டத்தில் இருக்கிறதே" என்பர் சிலர். இருக்கிறது. காவற்காரனிடமும்தான் சாவி இருக்கிறது. வீட்டுக்காரனை வெளியே நிறுத்தவா கொடுத்தோம்?

தோழர்களே, பிறரைச் சாடுவது எளிது. 2020 மார்ச் 16 அன்று மத்தியப் பிரதேசச் சட்டமன்றம், கொரோனாவைக் காரணம் காட்டி 26 வரை ஒத்திவைக்கப்பட்டபோது நம்மில் எத்தனை பேர் வாய் திறந்தோம்? கமல்நாத் ஆட்சி கவிழலாகாதே என்ற பரிவு! நோய் பொய்யன்று, ஒன்பதே நாளில் நாடே அடைபட்டது. ஆனால் நம்பிக்கை வாக்கெடுப்பு எதிர்நிற்காவிடில் அன்றைக்கே அந்த அச்சம் பிறந்திருக்குமா?

கட்சியை உதறிய 22 பேரைக் கண்டு நமக்கும் அருவருப்புத்தான். ஆனால் மன்றத்தைப் பூட்டினால் பேரம் நிற்குமா? பேரத்திற்கு நாள்தான் கூடும். உச்ச நீதிமன்றம் 19 அன்று வாக்கெடுப்புக்கு ஆணையிட்டது; 20 அன்று, வாக்கெடுப்புக்கு முன்பே, முதலமைச்சர் விலகினார்.

1989-இல் கருநாடகத்தில் எஸ். ஆர். பொம்மை வேறு வழி நின்றார். "அவையைக் கூட்டுங்கள், பலத்தைக் காட்டுகிறேன்" என்பதே ஆளுநரிடம் அவர் வைத்த கோரிக்கை. மறுத்தனர், ஆட்சியைக் கலைத்தனர். பெரும்பான்மையை அளக்கும் இடம் அவையே என்று 1994-இல் தீர்ப்பு வந்தது. பறிபோன ஆட்சி திரும்பவில்லை.