ஒப்படையும் உதவியும்

ஓவியக் கல்லூரி மாணவர் தமது நிற ஒப்படைக்குப் பிறர் உதவியை நாடலாமா?

நாசிகளின் நெருக்குதலால் 1933இல் பௌஹவுஸ் கலைப்பள்ளி மூடப்பட, அமெரிக்கா போய் ஆசிரியரானவர் ஜோசப் ஆல்பர்ஸ். அவர் கொடுத்த பயிற்சி ஒன்று: ஒரே நிறத் தாள்துண்டுகள் இரண்டை வெவ்வேறு பின்னணிகளில் வைத்து, இரு நிறங்களாகத் தோன்றச் செய்யவேண்டும். வெட்டித் தர, ஒட்டித் தர ஆள் கிடைக்கலாம். பின்னணியை மாற்றி மாற்றி வைத்து, நிறம் மாறும் கணத்தை மாணவர்தான் காணவேண்டும். விடையை வாங்கியவருக்குப் புள்ளி கிடைக்கும். அந்தக் கணம் கிடைக்காது.

உணவகச் சமையலறையில் நாங்களும் உப்புப் பார்க்க மற்றவரைக் கூப்பிடுவதுண்டு. அவர் 'குறைவு' என்பார். போடுவது நம் கை.

ஆல்பர்ஸ் 1963இல் வெளியிட்ட நிறம் பற்றிய நூலிலும் மாணவரின் பயிற்சிகள் உண்டு. ஆசிரியரும் உதவி பெற்றார், அதை மறைக்கவில்லை.

அகதிகளான நாம் உதவியின்றி வாழ்ந்தவரல்லர். கேட்பதில் இழிவில்லை. பார்வையை மட்டும் பிறரிடம் ஒப்படைக்க இயலாது.