கேட்கும் காது

எங்கள் ஊர் ஓதப்பள்ளியில் லெப்பை அதிகம் பேசமாட்டார். பிள்ளைகள் நாங்கள் ஒருவர் பின் ஒருவராக அவர் முன் அமர்ந்து, முதல்நாள் பாடத்தை ஓதிக் காட்டுவோம். அவர் கண்களை மூடிக் கேட்டுக்கொண்டிருப்பார். ஓர் எழுத்து தொண்டையில் பிறக்கவேண்டிய இடத்தில் பிறக்காவிட்டால் விரலை உயர்த்துவார். மீண்டும் ஓதுவோம். படிப்பித்தல் என்றால் சொல்லிக்கொடுப்பது என்றுதான் பின்னாளில் ஆசிரியனான நானும் நினைத்திருந்தேன். அதில் பெரும்பகுதி கேட்பதுதான் என்பதை ஒரு கைத்தொலைபேசி எனக்கு உணர்த்தியது.

2020 மார்ச்சில் கொரோனாவினால் பாடசாலைகள் மூடப்பட்டன. மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரையில் தரம் பத்துப் பிள்ளைகளுக்கு நான் தமிழ் படிப்பித்துக்கொண்டிருந்த காலம் அது. கல்வி அமைச்சின் இ-தக்சலாவ தளமும் தொலைக்காட்சிப் பாடங்களும் ஒருபுறம் இருக்க, எங்களுக்குக் கைகொடுத்தது வாட்ஸ்அப்தான். பாடத்தை ஒலிப்பதிவு செய்து குழுவில் இடுவேன். குழுவில் உள்ள எல்லோரும் திறந்து பார்த்தால்தான் அதன் கீழுள்ள அடையாளம் நீலமாக மாறும். எனது பாடங்கள் இரண்டொரு நாளில் நீலமாகிவிடும். அந்த நீலத்தை வரவாக எடுத்துக்கொண்டு, மேலிடத்துக்கு அனுப்பிய அறிக்கையில் ‘அனைவரும் பங்குபற்றினர்’ என்று எழுதி ஒப்பமிட்டேன்.

பாடசாலை மீண்டும் திறந்தபோது ஒரு மாணவனின் கொப்பி வெறுமையாக இருந்தது. கேட்டேன். தலையைக் குனிந்தபடி, “சேர், போன் காக்காட. அவர் வாவிக்கு மீனுக்குப் போனா போனும் அவரோட போயிரும்” என்றான். இரவில் களைத்து வரும் காக்கா, வந்த செய்திகளையெல்லாம் ஒருமுறை தட்டிப் பார்த்துவிட்டுப் படுத்துவிடுவாராம். நான் கண்ட நீலம் அவருடையது.

கருவியை மட்டும் குறைசொல்வது நீதியாகாது. வகுப்பில் ஒருநாளும் வாய்திறவாத ஒரு மாணவி, அதே தொலைபேசியில் இஷாவுக்குப் பின் தனது சந்தேகங்களைக் குரலாக அனுப்புவாள். நாற்பது பேரின் முன்னால் கேட்க வெட்கப்பட்டவளுக்கு அது ஒரு வாசலைத் திறந்துவிட்டது. அவளை நான் கேட்டேன், அவனைக் கேட்கவில்லை. இருவருக்கும் நடுவே இருந்த கருவி ஒன்றுதான்.

இந்த இடத்தில் எமது வரலாற்றின் ஒரு செய்தி நினைவுக்கு வருகிறது. கலீஃபா உஸ்மான் (ரலி) அவர்கள் குர்ஆனின் பிரதிகளை எழுதுவித்துக் கூஃபா, பஸரா, ஷாம் முதலிய இடங்களுக்கு அனுப்பினார்கள். அக்காலத்தில் அது எத்தனை பெரிய தொழில்நுட்பம்! ஆனால் பிரதியை மட்டும் அனுப்பவில்லை. ஒவ்வொன்றோடும் ஓதிக்கொடுக்க ஒருவரையும் அனுப்பினார்கள் என்று அறிஞர்கள் குறிப்பிடுகின்றனர். அன்றைய எழுத்தில் புள்ளிகள் அரிது, உயிர்க்குறிகளோ இல்லை. ஏட்டை ஒழுங்காக வாசிக்க ஒரு வாயும், வாசிப்பதைத் திருத்த ஒரு காதும் வேண்டியிருந்தன. கூஃபாவுக்கு அனுப்பப்பட்ட அபூ அப்துர் ரஹ்மான் அஸ்ஸுலமி (ரஹ்) அவர்கள், அவ்வூர்ப் பள்ளிவாசலில் ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் ஓதிக்கொடுத்தார்கள் என்பர்.

எமது நாட்டிலும் இதற்கு உதாரணம் உண்டு. 1882இல் ‘முஸ்லிம் நேசன்’ பத்திரிகையைத் தொடங்கிய அறிஞர் சித்திலெப்பை, அச்செழுத்து வீடு வீடாகப் போனால் போதும் என்று இருந்துவிடவில்லை. பிள்ளைகளும் ஆசிரியரும் முகம்பார்த்து இருக்கும் பாடசாலைகளுக்காகவும் உழைத்தார். அந்த உழைப்பின் வழியில்தான் கொழும்பு மருதானையில் இன்றைய ஸாஹிறாக் கல்லூரி உருவாயிற்று.

ஆகவே, புதிய கருவி வரலாமா கூடாதா என்பது எனக்குப் பெரிய கேள்வியாகப் படவில்லை. அது வரத்தான் செய்யும். 2022 இறுதியில் சாட்ஜிபிடி வந்தது. இன்று பிள்ளைகள் பிழையில்லாத கட்டுரைகளைக் கொண்டுவருகிறார்கள். “இந்த வரியில் என்ன சொல்கிறாய்?” என்று கேட்டால் சிலர் விழிக்கிறார்கள். கருவியோடு யாரை அனுப்புகிறோம் என்பதே கேள்வி.

கணக்குப் பார்த்தால், நாற்பது நிமிடப் பாடவேளையில் நாற்பது பிள்ளைகள். ஒருவருக்கு ஒரு நிமிடம். அந்த நிமிடத்தையும் இதுவரை நான் சொல்லிச்சொல்லியே தின்றுவிட்டேன். சொல்லும் வேலையை இயந்திரம் ஏற்குமானால், எனக்கு மிஞ்சும் நேரம் பிள்ளைகளைக் கேட்பதற்கு உரியது. கல்வி நிறுவனங்கள் அந்த நேரத்தை மிச்சம்பிடித்து, ஒரு திரையின் முன் நாற்பதுக்குப் பதிலாக நானூறு பேரை இருத்துமானால், அது ஏட்டை அனுப்பிவிட்டு ஓதிக்கொடுப்பவரை நிறுத்திவைத்ததற்குச் சமம். செலவு குறையும், அமானிதம் பாழாகும்.

இப்போது எனது வகுப்பில் ஒவ்வொரு நாளும் ஐந்து பிள்ளைகள் எழுந்து, தாங்கள் எழுதியதை வாசித்து விளக்கவேண்டும். பாடத்திட்டம் பிந்துகிறது, அதற்காக ஏச்சும் வாங்குகிறேன். ஆயினும் அந்த அறிக்கை என் மனதை விட்டு அகலவில்லை. பொய்சொல்லும் எண்ணத்தில் நான் அதை எழுதவில்லை. ஆனாலும் கேட்டறியாத ஒன்றுக்குச் சாட்சி சொல்லிவிட்டேன். அந்த ஒப்பத்துக்கு மறுமையில் பதில்சொல்ல வேண்டியவன் நான்தான்.