திரையில் தெரிவது காட்சியா, உரையா?

தொலைவிலிருந்து கைபேசித் திரையில் ஒரு வழிபாட்டைப் பார்ப்பவர் அவ்வழிபாட்டில் கலந்துகொண்டவர் ஆவாரா என்னும் வினா, புத்தளம் மாவட்டக் கரையோரத்தில் வெறும் ஏட்டு வினா அன்று. உடப்புத் திரௌபதை அம்மன் கோயிலும் சிலாபத்தை அடுத்த முன்னேஸ்வரமும் தலவில புனித அன்னம்மாள் ஆலயமும் புத்தளம் நகரின் பள்ளிவாசல்களும் ஒரே கரையில் அமைந்திருக்க, அக்கரையின் மக்களுள் பலர் இத்தாலியிலும் வளைகுடா நாடுகளிலும் உழைத்துக்கொண்டிருக்கின்றனர். 2020 மார்ச்சில், கொவிட்-19 பரவலால் நாடு முழுவதும் ஊரடங்கு விதிக்கப்படுவதற்கு முன்பே இம்மாவட்டத்தில் அது நடைமுறைக்கு வந்தபோது, கோயிலுக்கு அடுத்த வீட்டில் இருந்தவரும் மிலானில் இருந்தவரும் ஒரே தொலைவுக்குத் தள்ளப்பட்டனர்.

வினாவுக்கு விடை காணுமுன் கருவி செய்வதை அறிதல் வேண்டும். கைபேசியின் திரையை அப்படியே கணினிக்கு அனுப்பும் 'ஸ்கிரீன்காப்பி' என்னும் கட்டற்ற மென்பொருள் 2018 இல் வெளிவந்தது. திரைத் தோற்றத்தை அது காணொளியாகச் சுருக்கி, கம்பி வழியாகவோ வலையமைப்பு வழியாகவோ கணினிக்குச் செலுத்துகிறது. அங்கிருந்து வேறொரு மென்பொருள் அதனை இணையத்தில் நேரலையாக்கலாம். சுருக்குதல் என்பது, இடையிடையே ஒரு முழுப் படத்தை அனுப்பி, மற்ற வேளைகளில் முந்தைய படத்திலிருந்து மாறிய பகுதிகளை மட்டும் அனுப்புவதாகும். மாறாதவற்றைப் பெறும் கருவியே முன்னையதைக் கொண்டு நிரப்பிக்கொள்கிறது. இம்மென்பொருளின் கையேடு, தனது தாமதம் 35 முதல் 70 மில்லிசெக்கன் என்று வெளிப்படையாக எழுதிவைத்திருக்கிறது. இணைய நேரலையிலோ தாமதம் பல செக்கன்களாக நீள்வது வழக்கம். திரையை அனுப்பும் கருவி திரையில் உள்ள அனைத்தையும் அனுப்பும் என்பதும் மறக்கத்தக்கதன்று: அபிடேகத்தின் நடுவே அம்மன் திருமுகத்தை மறைத்துக்கொண்டு யாரோ அனுப்பிய குறுஞ்செய்தி தோன்றினால், அதுவும் மிலான் வரை போய்ச் சேரும்.

அறிவு எவ்வழியாகப் பிறக்கிறது என்பதை ஆராயும் அளவையியலைச் சைவ சித்தாந்தம் நுணுக்கமாக வளர்த்திருக்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டினரான அருணந்தி சிவாசாரியார் சிவஞானசித்தியாரில் அளவைகளைக் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றனுள் அடக்குகிறார். காண்டல் நேரே அறிவது. கருதல், புகையைக் கொண்டு நெருப்பை அறிவது போல் ஊகித்தறிவது. உரை நம்பத்தக்கவர் மொழியால் அறிவது. காண்டலாகிய காட்சியிலும் அவர் நான்கு வகை காட்டுகிறார். அவற்றுள் யோகக் காட்சி என்பது, யோகத்தால் மலத்தடை நீங்கியவர் இருந்த இடத்திலிருந்தே தொலைவிடத்தையும் பிற காலத்தையும் அறிவதாகும். ஆகவே தொலைவு என்னும் ஒரே காரணத்தால் திரைத் தரிசனத்தை மறுக்கச் சித்தாந்தத்தில் இடமில்லை. ஆனால் அங்கே தடை நீங்குவது காண்பவரிடத்தில். நேரலையிலோ காண்பவர் இருந்தபடியே இருக்க, இடையில் நிற்கும் கருவிகள்தாம் வேலை செய்கின்றன. முன்னைய படத்தைக் கொண்டு நிரப்பப்பட்டதும், சில செக்கன்களுக்கு முன் நடந்துமுடிந்ததும், படமெடுத்தவர் தெரிந்தெடுத்த கோணத்தில் மட்டும் கிடைப்பதுமான ஒன்றை, அந்நான்கனுள் புலன்களால் நேரே அறிவதான இந்திரியக் காட்சி எனல் அரிது. அது உரையின்பாற்படும்.

உடப்பில் பதினெட்டு நாள் விழாவின் முடிவில் தீமிதிப்பு நடக்கும்போது, கூட்டத்தின் பின்வரிசையில் நிற்பவர் முன்னிற்பவரின் முதுகைத் தவிர எதையும் காணாமல் போகலாம்; திரையில் பார்ப்பவர் தீக்குழி முழுவதையும் காண்கிறாரே என்று ஒருவர் தடை எழுப்பலாம். தடை வலுவானதே. எனினும் தரிசனம் என்பது பக்தர் தெய்வத்தைக் காண்பதோடு தெய்வத்தின் பார்வையில் பக்தர் படுவதுமாகும். பின்வரிசையில் நிற்பவர் ஒன்றையும் காணாவிடினும், நோன்பிருந்த உடலோடு அப்பார்வையின் எல்லைக்குள் நிற்கிறார்.

தொலைவிலிருந்து கலந்துகொள்ளலாமா என்னும் இவ்வினாவை இஸ்லாமியச் சட்டம் அளவுகோல் கொண்டே தீர்க்கிறது. இலங்கை முஸ்லிம்கள் பெரும்பாலும் பின்பற்றும் ஷாஃபி மரபில், இமாம் பள்ளிவாசலிலும் பின்பற்றித் தொழுபவர் வெளியிலும் இருந்தால், இடைவெளி ஏறத்தாழ 300 முழத்தைத் தாண்டலாகாது. வானொலியைப் பின்பற்றி வீட்டிலேயே ஜும்ஆ என்னும் வெள்ளிக்கிழமைக் கூட்டுத் தொழுகையைத் தொழலாம் என்று மொரோக்கோ அறிஞர் அஹ்மத் அல்-குமாரி தனிநூலே எழுதியும், பெரும்பான்மை அறிஞர் அதனை ஏற்கவில்லை. 2020 இல் பள்ளிவாசல்கள் மூடப்பட்டபோது வீடுகளில் ஜும்ஆவுக்குப் பதிலாக லுஹர் என்னும் நண்பகல் தொழுகை தொழப்பட்டது. கத்தோலிக்கத் திருச்சபையோ, 2002 இல் வெளியிட்ட ஆவணத்தில் இணையத்தில் அருளடையாளங்கள் இல்லை என்று வரையறுத்தது. உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலுக்கு அடுத்த ஞாயிறன்று, 2019 ஏப்ரல் 28 இல், ஆலயங்கள் மூடியிருக்க, கர்தினால் மல்கம் ரஞ்சித் தமது இல்லத்தில் ஒப்புக்கொடுத்த திருப்பலி தொலைக்காட்சியில் ஒளிபரப்பானது. அதைக் கண்டு செபித்தவர் ஆறுதல் பெற்றிருக்கலாம், நற்கருணை என்னும் அருளடையாளத்தைப் பெறவில்லை.

உரை என்று வகுத்தல் திரையைத் தாழ்த்துவதாகாது. வேதாகமங்களே உரை அளவைக்குள் அடங்குவன. ஆயினும் உரையின் தகுதி, உரைப்பவரின் நம்பகத்தைப் பொறுத்தது. படக்கருவியைப் பிடித்திருப்பவர் இங்கே சாட்சி ஆகிவிடுகிறார். முந்தைய ஆண்டின் பதிவை நேரலை என்று காட்டினால், அது பொய்ச் சாட்சியே. ஆதலின் கோயில் அறங்காவலரும் பங்குத்தந்தையரும் பள்ளிவாசல் நிருவாகத்தினரும், அந்த மென்பொருட் கையேடு தன் தாமதத்தை மறைக்காமல் எழுதியிருப்பதைப் போல், காட்டப்படுவது நேரலையா பதிவா என்பதையும், எத்தனை செக்கன் பிந்தியது என்பதையும் திரையிலேயே எழுதிக் காட்ட வேண்டும்.