அப்பன் தொழில்

விமானப் படையில் ஏஎஃப்கேட் வழியாக விமானி ஆகணும் என்றால் பயிற்சி தொடங்கும்போது பொதுவாக 20லிருந்து 24 வயசுக்குள் இருக்கணும். இட ஒதுக்கீடு கிடையாது. எழுத்துத் தேர்வு தேறினவனை மைசூர் போன்ற தேர்வு மையத்துக்கு அழைக்கிறார்கள். அங்கே தரும் படிவம் தகப்பன் தொழிலைக் கேட்கிறது. நேர்காணலில் அதைத் தொட்டுத்தான் கேள்வி வரும்.

சுடுகாட்டில் பிணம் எரிக்கிறவர் மகன் என்ன எழுதுவான்? 'கூலி' என்று எழுதினால் பொய்யில்லை. முழு உண்மையும் இல்லை. வாடகைக்கு வீடு கேட்கப் போன இடத்தில் சாதியை மறைக்கிறவனை நான் குறை சொல்லமாட்டேன். குந்த இடம் வேணுமே. அதே நியாயம் இங்கே செல்லுமா? செல்லும், ஆனால் உதவாது. உளவியல் தேர்வில் 60 சொற்கள், சொல்லுக்கு 15 நொடி. 'அப்பா' என்று ஒரு சொல் வந்தால் மறைத்தவன் கை அங்கேயே நின்றுவிடும்.

ஆகவே தம்பி, உள்ளதை எழுது. பிணத்தின் முன்னால் கை நடுங்காமல் நிற்கிற மனுசனிடம் வளர்ந்தவன் நீ, அதையும் சொல். கடைசியில் கணினியில் கையையும் கண்ணையும் சோதிக்கும் விமானித் தேர்வுக்கு ஆயுசில் ஒரே வாய்ப்பு. அது அப்பனைக் கேட்பதில்லை. அதிகாரி மகனுக்கு அந்தப் படிவம் சில நிமிச வேலை. நமக்கு மட்டும் ஒரு ராத்திரித் தூக்கம் போகிறது. தகுதி, திறமை பேசுகிறவர்கள் அந்த ராத்திரியை எந்தக் கணக்கில் எழுதுவார்கள்?