கேட்காமல் செய்த நன்மை

வீணை வீடு திரும்பிய அன்று அம்மா அதை உடனே வாசிக்கவில்லை. கூடத்தில் பாயை விரித்து, உறையைக் கழற்றி, மெட்டுகளின் மேல் ஒரு விரலை மெதுவாக ஓட்டினாள். "என்னடா இது, வழவழன்னு இருக்கு?" என்றாள். அப்போதுதான் நானும் சரியாகப் பார்த்தேன்.

கடையில் நான் சொல்லியிருந்தது ஒரே ஒரு வேலை. அனுமந்தரத் தந்தியின் பிரடை நிற்கவில்லை. சுருதி சேர்த்த பத்தாவது நிமிடம் தந்தி இறங்கிவிடும். ஸ்ரீரங்கத்திலிருந்து ஆட்டோவில் வைத்து, காவிரிப் பாலம் தாண்டி, திருச்சியில் ஒரு கடையில் கொடுத்தேன். "பிரடையை மட்டும் பாருங்கண்ணே" என்றேன். 600 ரூபாய் என்று பேச்சு. இரண்டு வாரம் கழித்து எடுக்கப் போனபோது அவர் இல்லை. கடைப் பையன் வீணையை ஆட்டோவில் ஏற்றிவிட்டு, பில் உறைக்குள் இருப்பதாகச் சொன்னான். பில்லில் 7,500 என்று இருந்தது.

பிரடை நின்றது. அதோடு பழைய மெழுகு முழுக்க எடுக்கப்பட்டுப் புது மெழுகு வைக்கப்பட்டிருந்தது. இருபத்துநான்கு மெட்டுகளும் அரம் போட்டு ராவிச் சமமாக்கப்பட்டிருந்தன. தண்டி புது பாலிஷில் மின்னியது.

வீணையைப் பக்கத்தில் பார்க்காதவர்களுக்காக இதைச் சொல்ல வேண்டும். கிதாரில் மெட்டுகள் மரத்தில் பதிந்தவை. வீணையில் தண்டியின் இரு பக்கமும் மெழுகால் கரை கட்டி, அதன் மேல்தான் வெண்கல மெட்டுகளை உட்கார வைக்கிறார்கள். தேன்மெழுகும் கரியும் குங்கிலியமும் சேர்ந்த கலவை அது. சூடு காட்டினால் இளகும், மெட்டை முன்னும் பின்னும் நகர்த்தலாம். இதற்கு மேளம் கட்டுதல் என்று பெயர். சில வருஷங்களுக்கு ஒருமுறை செய்தே ஆக வேண்டிய வேலை. எங்கே மெட்டை நிறுத்துவது என்பதைக் காது முடிவு செய்யும். இப்போது பலர் செல்போனில் ட்யூனர் ஆப் வைத்துப் பார்க்கிறார்கள். அந்த ஆப்பின் கணக்கில் அந்தர காந்தாரம் ஷட்ஜத்திலிருந்து 400 சென்ட் தூரம். தம்புராவோடு கரைந்து ஒலிக்கும் காந்தாரம் சுமார் 386 சென்டில் இருக்கிறது. பதினாலு சென்ட் வித்தியாசம் எனக்குக் கேட்காது. அம்மாவுக்குக் கேட்கும்.

மெட்டுகளில் இருந்த குழிகள் இன்னொரு விஷயம். கமகத்துக்காகத் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து இழுத்து, நாற்பது வருஷத்தில் வெண்கலத்தில் பள்ளம் விழுந்திருந்தது. அம்மா அதிகம் வாசிக்கும் இடங்களில் ஆழமாக, மற்ற இடங்களில் லேசாக. அந்தப் பள்ளங்களால் சில ஸ்வரங்களில் ஒரு கரகரப்பு இருந்தது உண்மை. இப்போது கரகரப்பு இல்லை. நேர்மையாகச் சொன்னால், வீணை முன்பைவிட நன்றாகத்தான் ஒலித்தது.

என் சிக்கல் அங்கேதான் ஆரம்பித்தது. கெடுத்திருந்தால் சண்டை போடலாம். நன்றாகச் செய்தவனிடம் எதற்காகக் கோபப்படுவது?

*

மாற்றியதே தப்பு என்று சொல்லிவிட முடியாது. ஸ்ட்ராடிவேரி செய்த வயலின்களில் இன்று நம்மிடம் இருப்பவை ஏறக்குறைய எல்லாமே பின்னால் மாற்றப்பட்டவை. கச்சேரி அரங்குகள் பெரிதாயின, சுருதி ஏறியது, தந்தியின் இழுவிசை கூடியது. அதனால் பழைய கழுத்தை எடுத்து நீளமான கழுத்து வைத்தார்கள், உள்ளே இருக்கும் தாங்குகட்டையை மாற்றினார்கள். இது நடக்காமல் இருந்திருந்தால் அந்த வயலின்கள் இன்றைய மேடைகளில் ஒலித்திருக்காது. வாத்தியம் என்பதே காலத்தோடு பழுது பார்க்கப்பட்டு வரும் பொருள்தான்.

சட்டம் என்ன சொல்கிறது என்று தேடினேன். 1872-ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 70-ஆவது பிரிவு சுவாரசியமானது. ஒருவர் இலவசமாகச் செய்யும் எண்ணம் இல்லாமல், சட்டப்படி முறையாக, இன்னொருவருக்காக ஒன்றைச் செய்து, அந்த இன்னொருவர் அதன் பலனை அனுபவித்தால், அவர் ஈடு தர வேண்டும். படித்ததும் சரி, 7,500-ஐக் கொடுத்துவிட வேண்டியதுதான் போல என்று நினைத்தேன். ஆனால் 1961-இல் உச்ச நீதிமன்றம் மேற்கு வங்க அரசு தொடர்பான ஒரு வழக்கில் இந்தப் பிரிவை விளக்கியபோது ஒரு நிபந்தனையை அழுத்திச் சொன்னது. பெறுபவருக்கு அதை ஏற்கவோ மறுக்கவோ வாய்ப்பு இருந்திருக்க வேண்டும். வேண்டாத பொருளைத் திருப்பிக் கொடுக்கலாம். அரம் போட்டதை எப்படித் திருப்பிக் கொடுப்பது?

அதே சட்டத்தின் 170-ஆவது பிரிவு, வேலை செய்த கைவினைஞர் கூலி வரும்வரை பொருளைத் தன்னிடம் வைத்துக்கொள்ளலாம் என்கிறது. எந்த நோக்கத்துக்காகப் பொருள் ஒப்படைக்கப்பட்டதோ அந்த நோக்கத்துக்கு உட்பட்ட வேலையாக இருக்க வேண்டும் என்பது அதன் வரம்பு. ஒப்படைத்த நோக்கம் பிரடை. சட்டப்படி என் பக்கம் பலம்தான். ஆனாலும் மனசு சமாதானமாகவில்லை. காரணம், நானே இதைச் செய்திருக்கிறேன்.

சில வருஷங்களுக்கு முன் ஆபீஸில் ஒரு சின்ன பக்கை சரி செய்யப் போய், பக்கத்தில் இருந்த ஒரு பழைய ஃபங்ஷனையும் திருத்தினேன். பைசாக்களை விநோதமாக ரவுண்ட் பண்ணும் கோட். பார்க்கவே அசிங்கமாக இருந்தது, சுத்தம் பண்ணினேன். மாதக் கடைசியில் வாடிக்கையாளரின் கணக்கு உதைத்தது. அந்த விநோதம் வேண்டுமென்றே வைக்கப்பட்டது. அவர்களுடைய பழைய சிஸ்டமும் அப்படித்தான் ரவுண்ட் பண்ணும். அதை எழுதிய சீனியர் என்னிடம் ஒன்றுதான் கேட்டார்: "ஏன்பா என்கிட்ட கேக்கல?" நான் மழுப்பினேன். உண்மையான பதில், கேட்டால் வேண்டாம் என்பார் என்று எனக்குத் தெரியும். நல்லவேளையாக கிட் இருந்தது. ஒரு ரிவர்ட் கமாண்டில் பழைய கோட் திரும்பி வந்துவிட்டது.

வெண்கலத்துக்கு ரிவர்ட் இல்லை. மெழுகை இளக்கி மறுபடி கட்டலாம், எத்தனை முறை வேண்டுமானாலும். தேய்த்ததைத் தேய்க்காததாக ஆக்க முடியாது. கேட்காமல் செய்வதில் இந்த இரண்டும் ஒரே எடை இல்லை. பழைய கட்டடங்களைப் பாதுகாப்பதற்காக 1964-இல் வெனிஸில் உருவான சாசனம், ஊகம் தொடங்கும் இடத்தோடு சீரமைப்பு நின்றுவிட வேண்டும் என்ற கருத்தை முன்வைத்தது. நம் ஊர்க் கோயில்களில் திருப்பணி என்று சொல்லிக் கல் சுவரில் மணலைப் பீய்ச்சி அடித்தார்கள். சுவர் பளிச்சென்று ஆனது, கல்வெட்டு எழுத்துகள் மழுங்கின. செய்தவர்கள் யாரும் எழுத்தை அழிக்க நினைக்கவில்லை. அழுக்கு என்று நினைத்தார்கள். எது அழுக்கு, எது எழுத்து என்று தெரிந்தவரிடம் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

*

ஸ்ரீரங்கத்தில் வளர்ந்தவர்களுக்கு ஒரு கதை தெரியும். 1323-இல் படையெடுப்பு வந்தபோது உற்சவ மூர்த்தியை ஊரைவிட்டு எடுத்துப் போனார்கள். 1371-இல் திரும்பி வந்தபோது, இடையில் செய்து வைத்த இன்னொரு மூர்த்தி கோயிலில் இருந்தார். நாற்பத்தெட்டு வருஷம். முதல் மூர்த்தியை நேரில் பார்த்தவர்கள் மிச்சம் இல்லை. கடைசியில் கண் தெரியாத ஒரு முதிய வண்ணாரைக் கொண்டுவந்தார்களாம். திருமஞ்சனத்தின் ஈர வஸ்திரங்களைத் துவைத்தவர் அவர். இரண்டு மூர்த்திகளுக்கும் திருமஞ்சனம் செய்து, ஈர ஆடையின் தீர்த்தத்தைக் கொடுத்தார்கள். வாசனையிலேயே கண்டுகொண்டு "இவரே நம்பெருமாள்" என்றார். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. இடையில் இருந்த மூர்த்தியையும் அகற்றிவிடவில்லை, திருவரங்க மாளிகையார் என்று இன்றும் உள்ளே இருக்கிறார்.

சின்ன வயதில் இதை அதிசயக் கதையாகக் கேட்டேன். இப்போது எனக்குப் படுவது வேறு. ஒரு பொருளைப் பற்றிய அறிவு சில சமயம் அதைத் தினமும் தொட்டவரிடம் மட்டும்தான் இருக்கும். பட்டரிடமோ ஸ்தபதியிடமோ இல்லாதது வண்ணாரிடம் இருந்தது. அதை வெளியே கொண்டுவர ஒரே வழி அவரிடம் கேட்பது. அம்மாவின் மெட்டில் இருந்த குழி கடைக்காரரின் கண்ணுக்குத் தேய்மானம். அம்மாவின் விரலுக்கு அது வழி. எந்த இடத்தில் எவ்வளவு இழுத்தால் எந்த ஸ்வரம் என்று கண்ணை மூடிக்கொண்டு போகிற வழி. அவர் கேட்டிருந்தால் அம்மா "பரவாயில்ல, ராவிடுங்கோ" என்றுகூடச் சொல்லியிருக்கலாம். கேட்காததால் போனது அந்த பதில். பழுது பார்ப்பதில் கேட்பதும் ஒரு வேலைதான், அரம் பிடிப்பதுபோல.

*

அடுத்த வாரம் கடைக்குப் போனேன். கோபமாகப் பேச வேண்டும் என்று பாலம் முழுக்க ஒத்திகை பார்த்துக்கொண்டு போனேன்.

அவர் முழுக்கக் கேட்டுவிட்டு, "தம்பி, அந்த மெட்டோட வீணைய வெளிய விட்டா, பாக்கறவன் யார் கடையில குடுத்தீங்கன்னுதானே கேப்பான்? என் பேருதானே போகும்?" என்றார்.

"ஒரு போன் பண்ணியிருக்கலாமேண்ணே?"

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "பண்ணா, செலவாகும்னு வேண்டாம்பீங்க."

அது என் பதில். என் சீனியரிடம் நான் சொல்லாமல் விழுங்கிய அதே பதில். அதற்கப்புறம் ஒத்திகை பார்த்த எதுவும் வாயில் வரவில்லை. அவரிடம் பேராசை மட்டும்தான் இருந்தது என்று நினைத்துக்கொண்டு வந்திருந்தேன். வேலையின் மேல் மானமும் இருந்தது. மானம் உள்ளவர்கள்தான் இந்தத் தப்பை அதிகம் செய்கிறோம் என்று தோன்றுகிறது. ஏனோதானோ என்று வேலை பார்ப்பவன் சொன்னதற்கு மேல் ஒரு திருகாணியைக்கூடத் தொடமாட்டான்.

வீட்டில் அம்மாவிடம் சொன்னேன். "கூலிய குடுத்துடு, உழைச்சிருக்கார். ஆனா நன்னா இருக்குன்னு மட்டும் சொல்லிட்டு வராதே" என்றாள். நானும் அவரும் பேசி 4,000-இல் முடித்தோம். ஒரு நிபந்தனை வைத்தேன். வீட்டுக்கு வந்து, ட்யூனர் இல்லாமல், அம்மா சொல்கிறபடி மேளத்தைத் திரும்பக் கட்ட வேண்டும். அவர் ஒத்துக்கொள்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கரி அடுப்போடு வந்தார். கூடத்தில் தம்புரா மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. கம்பியைக் காய்ச்சி மெழுகை இளக்குவார், மெட்டைத் தள்ளுவார், தந்தியை மீட்டுவார், அம்மாவைப் பார்ப்பார். "இது போதுங்களாம்மா?" அம்மா தலையை ஆட்டினால் அடுத்தது. இல்லையென்றால் மறுபடி இளக்கல். அந்தர காந்தாரத்துக்கு மட்டும் நாலு தடவை ஆனது. கடைசியில் அம்மா தலையசைத்தபோது அவர் தாமாகவே இன்னொரு தடவை மீட்டிக் கேட்டுக்கொண்டார்.

வேலை முடிய மத்தியானம் இரண்டு மணி. சாப்பிட்டுவிட்டுத்தான் போனார். குழிகள் போனது போனதுதான். அம்மாவுக்கு வயது அறுபத்தெட்டு. இழுக்கும்போது சில இடங்களில் இன்னும் விரல் தடுமாறுகிறது, நிறுத்திவிட்டு மறுபடி ஆரம்பிக்கிறாள்.